போகாமல் நின்றவர்கள்: பென் ஸ்டேட், 2012

2012 ஜூலை 25, புதன்கிழமை காலை. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், ஸ்டேட் காலேஜ் என்றே பெயர் கொண்ட ஊரில், பென் ஸ்டேட் பல்கலைக்கழக ஃபுட்பால் அணியின் பயிற்சிக் கட்டடத்துக்கு வெளியே இரண்டு இளைஞர்கள் மைக் முன்னால் வந்து நின்றார்கள். ஒருவர் மைக்கேல் மாவ்டி, இன்னொருவர் மைக்கேல் ஸோர்டிச். இருவரும் கடைசி ஆண்டு மாணவர்கள். அவர்களுக்குப் பின்னால் சக வீரர்கள் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் நெருக்கி நின்றார்கள். பயிற்சியாளர் முன்னால் வரவில்லை, பல்கலைக்கழக அதிகாரி யாரும் பேசவில்லை. பேசியது இந்த இருவர் மட்டும்தான், அதுவும் சில நிமிடங்கள்.

அந்தச் சில நிமிடங்கள் ஓர் அணியை எப்படிக் காப்பாற்றின, எதையெல்லாம் அவற்றால் செய்ய முடியவில்லை என்பதுதான் இந்த ஆய்வு. விளையாட்டில் 'உணர்ச்சிகரமான தலைமை' என்று பேச ஆரம்பித்தால் உடனே உடைமாற்றும் அறையில் முழங்கும் ஒரு பேச்சும், அடுத்த காட்சியில் ஒரு வெற்றியும் நம் மனதில் வந்து நிற்கும். பென் ஸ்டேட்டில் நடந்தது அப்படி இல்லை. பேச்சுக்குப் பிறகு அணி முதல் இரண்டு ஆட்டங்களையும் தோற்றது. அதனாலேயே இந்த நிகழ்வை நான் முக்கியமானதாக நினைக்கிறேன்.

முதலில் ஒரு விளக்கம். இங்கே ஃபுட்பால் என்பது நாம் ஆடும் கால்பந்து இல்லை. தலைக்கவசமும் தோள் கவசமும் அணிந்து, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் அமெரிக்க ஃபுட்பால். அங்கே கல்லூரி அணிகளுக்கு இருக்கும் கூட்டம் பல நாடுகளின் தேசிய அணிகளுக்குக்கூட இருக்காது. பென் ஸ்டேட்டின் பீவர் ஸ்டேடியத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் உட்காரலாம். ஊரின் மக்கள்தொகையைப் போல அது இரண்டு மடங்குக்கும் அதிகம்.

அந்தக் காலைக்கு முன்னால் நடந்ததைச் சொல்லாமல் மேலே போக முடியாது. ஜெர்ரி சாண்டஸ்கி அந்த அணியில் நெடுங்காலம் துணைப் பயிற்சியாளராக இருந்தவர், 1999இல் ஓய்வு பெற்றவர். ஏழைச் சிறுவர்களுக்காக என்று சொல்லி ஒரு தொண்டு அமைப்பையும் நடத்தினார். அந்த அமைப்பின் வழியாகத்தான் சிறுவர்களை நெருங்கினார். 2011 நவம்பரில் கைது செய்யப்பட்டார். 2012 ஜூன் 22 அன்று, பத்துச் சிறுவர்களைப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கிய வழக்கில் 45 குற்றச்சாட்டுகளில் குற்றவாளி என்று நடுவர் குழு தீர்ப்பளித்தது. 46 பருவங்கள் தலைமைப் பயிற்சியாளராக இருந்த ஜோ பட்டர்னோ 2011 நவம்பரிலேயே நீக்கப்பட்டு, 2012 ஜனவரியில் புற்றுநோயால் இறந்துபோனார். பல்கலைக்கழகமே அமர்த்திய விசாரணைக் குழு, மேலிடத்தில் இருந்தவர்கள் தெரிந்தும் மறைத்தார்கள் என்று ஜூலை 12 அன்று அறிக்கை கொடுத்தது. ஜூலை 22 அன்று ஸ்டேடியத்துக்கு வெளியே இருந்த பட்டர்னோவின் சிலையை அகற்றினார்கள்.

மறுநாள், ஜூலை 23, திங்கட்கிழமை, கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. தண்டனையை அறிவித்தது. ஆறு கோடி டாலர் அபராதம். நான்கு ஆண்டுகளுக்குப் பருவ இறுதியில் நடக்கும் பவுல் ஆட்டங்களில் ஆடத் தடை. ஆண்டுக்கு 25 பேருக்குக் கொடுக்கலாம் என்றிருந்த உதவித்தொகை 15 பேருக்கு என்று குறைந்தது. 1998 முதல் 2011 வரை பெற்ற 112 வெற்றிகள் பதிவிலிருந்து நீக்கப்பட்டன.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இந்தக் கதையில் பாதிக்கப்பட்டவர்கள் அந்தச் சிறுவர்கள். ஃபுட்பால் அணி இல்லை. அணிக்கு வந்த துன்பத்தை அவர்களுடைய துன்பத்தோடு ஒரே தட்டில் வைப்பது பெரிய தவறு. ஆனால் 2012இல் அந்தச் சீருடையை அணிந்திருந்த இருபது, இருபத்திரண்டு வயது இளைஞர்கள் அந்தக் குற்றங்கள் மறைக்கப்பட்ட காலத்தில் ஆரம்பப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தவர்கள். அவர்கள் செய்யாத ஒன்றுக்கான விலை அவர்கள் தலையில் வந்து விழுந்தது. இரண்டும் உண்மை. இந்த இரண்டு உண்மைகளையும் ஒரே நேரத்தில் சுமந்துகொண்டுதான் அந்த அணி அந்த ஆண்டு ஆட வேண்டியிருந்தது.

தண்டனைப் பட்டியலில் தலைப்புச் செய்தியாக வந்தது அபராதத் தொகை. ஆனால் அணியை உண்மையில் உடைக்கக்கூடியது வேறொரு வரி. பென் ஸ்டேட் வீரர் யார் வேண்டுமானாலும் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறி, உடனே ஆடத் தொடங்கலாம்.

சாதாரணமாக அப்போதிருந்த விதிப்படி இப்படி மாறுகிறவர் ஓராண்டு ஆடாமல் உட்கார வேண்டும். அந்தக் காத்திருப்புதான் ஓர் அணியைச் சேர்த்துப் பிடித்திருக்கும் கயிறு. வீரர்களைத் தண்டிக்கக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் என்.சி.ஏ.ஏ. அந்தக் கயிற்றை அறுத்துவிட்டது. விளைவு என்ன? மற்ற பல்கலைக்கழகங்கள் அழைக்கத் தொடங்கின. வீரர்களின் தொலைபேசிகள் ஓயாமல் ஒலித்தன. இல்லினாய் பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர்கள் நேராக ஸ்டேட் காலேஜ் ஊருக்கே வந்துவிட்டார்கள். விதிப்படி அதில் தவறில்லை. பருவம் தொடங்க இன்னும் ஆறு வாரம்கூட இல்லை.

ஓர் அணி சரிவதற்கு நூறு பேர் போக வேண்டியதில்லை. முதலில் இரண்டு மூன்று நல்ல ஆட்டக்காரர்கள் போவார்கள். அப்புறம் மிச்சம் இருப்பவர்கள், 'அவனே போய்விட்டான், நான் ஏன் இங்கே தோற்றுக்கொண்டு இருக்க வேண்டும்' என்று யோசிப்பார்கள். நியாயமான யோசனைதான். ஆனால் எல்லோரும் நியாயமாக யோசித்தால் ஒரே வாரத்தில் அணி காலியாகிவிடும். புதிய தலைமைப் பயிற்சியாளர் பில் ஓ'பிரையன் வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் என்ற தொழில்முறை அணியிலிருந்து வந்தவர். ஒரு ஆட்டத்தைக்கூட அவர் இன்னும் இந்த வீரர்களுடன் ஆடவில்லை. 'எனக்காக இருங்கள்' என்று கேட்கும் உரிமை அவருக்கு இன்னும் சேரவில்லை. அந்த உரிமை இருந்தது சீனியர்களுக்கு மட்டும்தான்.

மாவ்டியின் சொல்லுக்கு ஏன் அவ்வளவு எடை இருந்தது? அவர் லைன்பேக்கர், அதாவது தற்காப்பு வரிசைக்குப் பின்னால் நின்று எதிரணியின் ஓட்டத்தை வாசித்துப் பாய்ந்து தடுப்பவர். எண் 42. லூசியானா மாநிலத்துப் பையன். அப்பா ரிச் மாவ்டி பென் ஸ்டேட்டில் ஆடி, பிறகு நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணியில் தொழில்முறையாக ஆடியவர். அண்ணனும் பென் ஸ்டேட்தான். 2009இல் முழங்காலின் ஏ.சி.எல். தசைநார் கிழிந்து மாவ்டி ஒரு பருவம் முழுவதையும் இழந்தார். மீண்டு வந்தார். 2011 செப்டம்பரில் மறு காலில் அதே தசைநார் கிழிந்தது. மறுபடியும் அறுவைச் சிகிச்சை, மறுபடியும் மாதக்கணக்கில் தனியாக உடற்பயிற்சிக் கூடத்தில். அந்த ஊர் அவருக்கு வெற்றிகளைக் கொடுத்ததை விட வலியைத்தான் அதிகம் கொடுத்திருந்தது. ஒரே ஒரு ஆண்டு ஆட்டம் மிச்சம். தொழில்முறை அணிகளின் கண்ணில் படவேண்டிய ஆண்டு. போவதற்கு எல்லா நியாயமும் அவருக்கு இருந்தது. அப்படிப்பட்டவர் 'நான் போகவில்லை' என்று சொன்னால் அதற்குத் தனி அர்த்தம் உண்டு.

ஸோர்டிச் ஃபுல்பேக். பந்தோடு ஓடுகிறவருக்கு முன்னால் போய் மோதி வழி திறந்துவிடுவது அவர் வேலை, பெயர் கிடைக்காத வேலை. அவர் அப்பாவும் பென் ஸ்டேட்டில் ஆடி, தொழில்முறை ஆட்டத்துக்குப் போனவர்.

அந்தக் காலையில் அவர்கள் பேசியதன் சாரம் இதுதான். நாங்கள் இங்கேயே இருக்கப்போகிறோம். இதைத் தண்டனையாகப் பார்க்கவில்லை, வாய்ப்பாகப் பார்க்கிறோம். இந்த அணியை ஒரே மனிதன் கட்டவில்லை, ஒரே மனிதனால் இது இடிந்துபோகவும் விடமாட்டோம். எங்களுக்கு முன்னால் இந்தச் சீருடையை அணிந்த அத்தனை பேருக்காகவும் ஆடுவோம்.

பேச்சாகப் பார்த்தால் இதில் அபூர்வமான சொற்கள் எதுவும் இல்லை. காணொளியைப் பார்த்தால் தெரியும், அலங்காரமும் இல்லை, குரலில் ஒரு கோபம் மட்டும் இருக்கிறது. அதன் பலம் மூன்று விஷயங்களில் இருந்ததாக எனக்குத் தோன்றுகிறது. முதலாவது நேரம். அறிவிப்பு வந்தது திங்கட்கிழமை, அவர்கள் நின்றது புதன்கிழமை. வீரர்கள் ஒவ்வொருவரும் தனித்தனியாகத் தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு குழம்பிக்கொண்டிருந்த நேரம் அது. ஒரு வாரம் தள்ளிப்போயிருந்தால் பேசுவதற்கு அணியே இருந்திருக்காது. இரண்டாவது, பின்னால் நின்ற கூட்டம். ஒவ்வொரு வீரரும் மற்றவர் போகிறாரா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். தொலைக்காட்சியில் அத்தனை முகங்களையும் ஒன்றாகப் பார்த்தபோது அந்தக் கேள்விக்குக் கண்ணால் பார்க்கக்கூடிய பதில் கிடைத்தது. மூன்றாவதை நான் பெரிதாக நினைக்கிறேன். 'போகிறவர்கள் துரோகிகள்' என்று அவர்கள் பேச்சைக் கட்டவில்லை. தங்கள் முடிவைச் சொன்னார்கள், அவ்வளவுதான். அவமானப்படுத்திப் பிடித்து வைத்திருந்தால் அந்த அணி முதல் தோல்வியிலேயே உள்ளுக்குள் வெடித்திருக்கும்.

எல்லோரும் நின்றுவிடவில்லை. முந்தைய ஆண்டு பந்தோடு 1,241 யார்டு ஓடிய சைலஸ் ரெட், கலிஃபோர்னியாவின் யு.எஸ்.சி.க்குப் போனார். முதன்மைப் பந்து பிடிப்பாளர் ஜஸ்டின் பிரவுன் ஓக்லஹோமாவுக்குப் போனார். கிக்கர் ஆன்டனி ஃபெரா டெக்சஸுக்குப் போனார். இன்னும் சிலரும் போனார்கள். ஆனால் மொத்தம் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுதான். வெள்ளம் வரும் என்று எல்லோரும் எதிர்பார்த்த இடத்தில் கசிவோடு நின்றது.

போனவர்களில் ஃபெராவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் போனதால் கோல் உதைக்கும் வேலை சாம் ஃபிக்கன் என்ற இரண்டாம் ஆண்டு மாணவரிடம் வந்தது. பையனுக்கு ஆட்ட அனுபவம் அநேகமாக இல்லை.

செப்டம்பர் 1. பீவர் ஸ்டேடியத்தில் ஓஹையோ பல்கலைக்கழகத்துடன் முதல் ஆட்டம். பென் ஸ்டேட் சீருடையில் வீரர் பெயர் போடுவதில்லை என்பது பல பத்தாண்டு வழக்கம். அணிதான் பெரிது, தனி ஆள் இல்லை என்பதன் அடையாளம். ஓ'பிரையன் அந்த ஆண்டு பெயர்களைப் போட வைத்தார். யார் யார் நின்றார்கள் என்று ரசிகர்களுக்குத் தெரிய வேண்டும் என்றார். தலைக்கவசத்தில் குழந்தைகள் மீதான வன்கொடுமைக்கு ஆளானவர்களுக்காக நீல ரிப்பன் ஒட்டியிருந்தது. இடைவேளையில் 14-3 என்று முன்னிலை. இரண்டாம் பாதியில் ஒரு புள்ளிகூட எடுக்காமல் 24-14 என்று தோற்றார்கள்.

அடுத்த வாரம் வர்ஜீனியாவில். அன்றைக்கு நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். ஃபீல்டு கோல் என்பது கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து மூன்று புள்ளி எடுப்பது. பந்தை எதிரணியின் கடைசிக் கோட்டுக்கு அப்பால் கொண்டுசேர்ப்பது டச் டவுன், அதற்குப் பிறகு உதைக்கும் கூடுதல் உதைக்கு ஒரு புள்ளி. ஃபிக்கன் அன்று ஐந்து ஃபீல்டு கோல்கள் முயன்றார். நான்கைத் தவறவிட்டார். அவற்றில் ஒன்று வெறும் 20 யார்டு. ஒரு கூடுதல் உதையும் தடுக்கப்பட்டது. ஆட்டத்தின் கடைசி நொடியில் 42 யார்டு தூரத்தில் இருந்து உதைக்க வேண்டியிருந்தது. போட்டிருந்தால் வெற்றி. பந்து வெளியே போனது. 17-16. ஒரு புள்ளியில் தோல்வி.

இரண்டு ஆட்டம், இரண்டு தோல்வி. பவுல் ஆட்டமும் கிடையாது, பெரிய பட்டமும் கிடையாது. இனி எதற்காக ஆடுவது? சமூக ஊடகங்களில் ஃபிக்கனுக்கு வந்த வசவுகள் படிக்கவே கூசும். பத்தொன்பது, இருபது வயதுப் பையன்.

என் பார்வையில் ஜூலை பேச்சுக்கு உண்மையான தேர்வு இந்த வாரம்தான். 'ஒன்றாக நிற்போம்' என்று சொல்வது தண்டனை கொடுத்த அமைப்புக்கு எதிராக எளிது. கையிலிருந்த ஆட்டத்தைக் கைவிட்ட சக வீரன் பக்கம் நிற்பது கடினம். மாவ்டிக்கு இது கடைசிப் பருவம், இரண்டு முழங்கால்களின் விலை கொடுத்து வாங்கிய பருவம். அதிலிருந்து ஒரு வெற்றியை ஒரு கிக்கர் கொட்டிவிட்டார். அந்த அணியிலிருந்து வெளிப்படையாக ஒரு குற்றச்சாட்டு வரவில்லை. சீனியர்கள் ஃபிக்கனைத் தங்களில் ஒருவராகவே வைத்துக்கொண்டார்கள். ஓ'பிரையன் அவரைத் தொடர்ந்து களத்தில் இறக்கினார். ஆனால் பயிற்சியாளர் கண்ணை மூடிக்கொண்டு நம்பவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பத்து யார்டு முன்னேற ஓர் அணிக்கு நான்கு முயற்சிகள்தான். அந்தப் பருவத்தில் நான்காவது முயற்சியில், மற்ற அணிகள் உதைக்கக் கூப்பிடும் இடங்களில், அவர் அடிக்கடி பந்தை முன்னே கொண்டுபோகவே துணிந்தார். பலவீனத்தை மறைக்கவில்லை, அதற்கேற்ப ஆட்டத்தை மாற்றிக்கொண்டார். அதோடு பையனைத் தூக்கி எறியவும் இல்லை.

செப்டம்பர் 15 அன்று அமெரிக்கக் கடற்படைக் கல்லூரியின் நேவி அணியை 34-7 என்று வென்றார்கள். உதவித்தொகை இல்லாமல் அணியில் சேர்ந்து வளர்ந்த குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர், மேட் மெக்ளோய்ன் நான்கு டச் டவுன்கள் எறிந்தார். அவற்றில் மூன்றைப் பிடித்தவர் ஆலன் ராபின்சன் என்ற இரண்டாம் ஆண்டு மாணவர். ஜஸ்டின் பிரவுன் போனதால் திறந்த இடத்தில் வந்து நின்றவர். அடுத்து டெம்பிள், 24-13.

செப்டம்பர் 29, இல்லினாய். ஜூலையில் ஊருக்கே ஆள் அனுப்பியவர்களின் மைதானம். இந்த ஆட்டத்தை மாவ்டி எப்படி எதிர்பார்த்துக்கொண்டிருந்தார் என்பதை அவர் ஆடிய விதமே சொன்னது. எதிரணி எறிந்த பந்தை இரண்டு முறை நடுவில் பாய்ந்து பிடித்தார். முதல் பாதி முடியும் நேரத்தில் பிடித்த பந்தோடு 99 யார்டு ஓடினார், கிட்டத்தட்ட மைதானத்தின் முழு நீளம். இரண்டு முறை கிழிந்து தைக்கப்பட்ட முழங்கால்களோடு. கோட்டுக்குச் சற்று முன்னால் அவரை வீழ்த்திவிட்டார்கள், டச் டவுன் கிடைக்கவில்லை. ஆட்டம் 35-7. அந்த ஓட்டத்தை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும். வேகமான ஓட்டம் இல்லை அது. நடுவில் எங்கேயாவது நின்றுவிடுவாரோ என்று பயப்பட வைக்கும் ஓட்டம்.

அக்டோபர் 6, நார்த்வெஸ்டர்ன். கடைசிக் கால் பகுதியில் 28-17 என்று பின்தங்கியிருந்தார்கள். அங்கிருந்து எதிரணிக்கு ஒரு புள்ளியும் விடாமல் 22 புள்ளிகள் எடுத்து 39-28 என்று முடித்தார்கள். செப்டம்பர் தொடக்கத்தில் முன்னிலையைக் கைவிட்ட அதே அணி. மூன்று நாள் கழித்து, அக்டோபர் 9 அன்று, சாண்டஸ்கிக்கு 30 முதல் 60 ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அணி எவ்வளவு வென்றாலும் எதன் நிழலில் ஆடுகிறது என்பது மறக்க முடியாததாகவே இருந்தது. மறக்கவும் கூடாது.

அப்புறம் அயோவாவை வென்றார்கள், ஓஹையோ ஸ்டேட் என்ற வேறொரு பல்கலைக்கழக அணியிடம் தோற்றார்கள், பர்டூவை வென்றார்கள், நெப்ராஸ்காவிடம் தோற்றார்கள். இந்த நடுப்பகுதியில் நம் விஷயத்துக்குச் சேர வேண்டியது ஒன்றுதான். ரெட் போன இடத்தில் ஓட வந்த ஸாக் ஸ்வினாக், பருவத் தொடக்கத்தில் யாரும் கணக்கில் எடுக்காதவர், ஆண்டு முடிவில் மிகச் சரியாக 1,000 யார்டு ஓடி முடித்தார்.

நவம்பர் 17, இண்டியானாவுடன், சொந்த மைதானத்தில். முதல் கால் பகுதியிலேயே எதிரணி வீரர் ஒருவர் கீழே சாய்ந்து வந்து தடுத்ததில் மாவ்டியின் இடது முழங்கால் மாட்டியது. மூன்றாவது முறையாக ஏ.சி.எல். கிழிந்தது. கல்லூரி ஆட்டம் அங்கேயே முடிந்தது. அந்தப் பருவத்தில் அவர் செய்தது 95 டேக்கிள் (பந்தோடு வருபவரைப் பிடித்து வீழ்த்துவது), மூன்று இன்டர்செப்ஷன் (எதிரணி எறிந்த பந்தைப் பறித்துப் பிடிப்பது). பென் ஸ்டேட் ஆடும் பிக் டென் லீகின் அந்த ஆண்டுச் சிறந்த லைன்பேக்கர் விருது அவருக்குத்தான் வந்தது. ஆட்டத்தை 45-22 என்று அணி வென்றது, ஆனால் அந்த வெற்றியைப் பற்றி அன்று யார் பேசியிருப்பார்கள்.

அடுத்த சனிக்கிழமை, நவம்பர் 24, விஸ்கான்சினுடன் பருவத்தின் கடைசி ஆட்டம். சீனியர்களை கௌரவிக்கும் நாள். பென் ஸ்டேட்டின் தலைக்கவசம் வெறும் வெள்ளை, நடுவில் ஒரு நீலக் கோடு. சின்னம் இல்லை, எண் இல்லை. அந்த எளிமையே அவர்களுடைய பெருமை. அன்று வீரர்கள் களத்துக்கு வந்தபோது ஒவ்வொரு தலைக்கவசத்திலும் 42 என்ற எண் ஒட்டியிருந்தது.

தனி ஆளுக்கு இடமில்லை என்று பல பத்தாண்டுகளாகச் சொல்லிவந்த அணி, தன் வெற்றுத் தலைக்கவசத்தில் ஒரு தனி ஆளின் எண்ணை எழுதிக்கொண்டது. ஒரு தலைவனை அணி எப்படி மதிப்பிட்டது என்று அறிய இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. தலைவன் அணிந்த எண் என்பதால் இல்லை. அன்றைக்கு அவரால் ஒரு டேக்கிள்கூடச் செய்ய முடியாது என்று தெரிந்தே செய்ததால். ஸ்டேடியத்தின் மேல் முகப்பில், தோல்வியே காணாத அணிகளின் ஆண்டுகளும் பட்டம் வென்ற ஆண்டுகளும் பொறித்திருக்கும் வரிசையில், பட்டம் எதுவும் வெல்லாத 2012ஐயும் சேர்த்தார்கள்.

ஆட்டம் இழுபறி. குளிர் கடுமை. இடைவேளையில் விஸ்கான்சின் 14-7 முன்னிலை. ஸ்வினாக் 179 யார்டு ஓடினார். முழங்கால் காயத்தோடு ஆடிய சீனியர் ஜோர்டன் ஹில் நடுவரிசையில் மலைபோல் நின்றார். பென் ஸ்டேட் 21-14 என்று முன்னே வந்தது. 18 நொடி மிச்சம் இருக்கும்போது, கடைசி முயற்சியில், விஸ்கான்சின் டச் டவுன் போட்டுச் சமன் செய்தது. கூடுதல் நேரம். பென் ஸ்டேட்டுக்கு முதலில் வாய்ப்பு. பந்து நகரவில்லை. உதைக்க வேண்டும், 37 யார்டு.

ஃபிக்கன் வந்தார். உதைத்தார். போட்டார்.

விஸ்கான்சின் பதிலுக்கு 44 யார்டிலிருந்து உதைத்தது, தவறவிட்டது. 24-21. எட்டு வெற்றி, நான்கு தோல்வி. பிக் டென் லீகின் சிறந்த பயிற்சியாளர் விருது ஓ'பிரையனுக்கு.

இப்போது ஆய்வாக ஒரு கேள்வி. இந்த எட்டு வெற்றிகளையும் மாவ்டியின் உணர்ச்சிதான் வென்று கொடுத்ததா? அப்படிச் சொன்னால் மற்றவர்களுக்கு அநியாயம். மெக்ளோய்ன் அந்த ஆண்டு 3,266 யார்டு எறிந்தார், அது ஓ'பிரையன் கொண்டுவந்த ஆட்ட முறையின் பலன். ராபின்சன் ஆயிரம் யார்டுக்கு மேல் பிடித்தார், அது திறமை. நேவியும் டெம்பிளும் சரியான நேரத்தில் வந்த எதிரணிகள் என்பதும் உண்மை. உணர்ச்சி யாரையும் வேகமாக ஓடவைக்காது, ஃபிக்கன் தவறவிட்ட நான்கு உதைகளைத் திருத்தவும் அதனால் முடியவில்லை.

அது செய்தது வேறு. திறமை வெளிப்படுவதற்கு வேண்டிய காலத்தை வாங்கிக் கொடுத்தது. ஜூலையில் முப்பது பேர் போயிருந்தால் ஓ'பிரையனின் ஆட்ட முறையை ஆட ஆளே இருந்திருக்காது. செப்டம்பர் 8 இரவு ஒருவரை ஒருவர் குற்றம் சொல்லத் தொடங்கியிருந்தால் 15ஆம் தேதி நேவியை எதிர்கொள்ள ஓர் அணியே இருந்திருக்காது. மாவ்டியும் ஸோர்டிச்சும் அந்த இரண்டு இடத்திலும் வாசலில் நின்றார்கள். கோபத்தோடுதான் நின்றார்கள், ஆனால் அந்தக் கோபத்தை ஒருபோதும் தங்கள் பையன்கள் மேல் திருப்பவில்லை. பல அணித் தலைவர்கள் தவறுவது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். ஆவேசம் இருக்கும், அது யார் மேல் பாய வேண்டும் என்ற நிதானம் இருக்காது.

தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும். 2013இல் மினசோட்டா வைக்கிங்ஸ் மாவ்டியை ஏழாவது சுற்றில், கடைசிச் சுற்றில், எடுத்தது. மூன்று முறை கிழிந்த தசைநார் இல்லாவிட்டால் எவ்வளவோ முன்னால் எடுத்திருப்பார்கள். பின்னர் அப்பா ஆடிய செயின்ட்ஸ் அணிக்கே போனார். 2015 அக்டோபரில் அட்லான்டா அணியின் பந்து உதையைத் தடுத்து, உருண்ட பந்தை எடுத்து டச் டவுனும் போட்டார். ஓ'பிரையன் 2013 பருவத்துக்குப் பிறகு ஹூஸ்டன் தொழில்முறை அணிக்குப் பயிற்சியாளராகப் போய்விட்டார். 2014 செப்டம்பரில் பவுல் ஆட்டத் தடையை என்.சி.ஏ.ஏ. நீக்கியது, 2015 ஜனவரியில் 112 வெற்றிகளும் பதிவுக்குத் திரும்பின.

தடை நீங்கிய பிறகு பென் ஸ்டேட் ஆடிய முதல் பவுல் ஆட்டம் 2014 டிசம்பர் 27 அன்று, நியூயார்க்கின் யாங்கி ஸ்டேடியத்தில், பாஸ்டன் காலேஜுடன். ஃபிக்கன் இப்போது சீனியர். ஆட்டம் முடியச் சில நொடிகள் இருக்கும்போது 45 யார்டிலிருந்து உதைத்துச் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் பாஸ்டன் காலேஜ் டச் டவுன் போட்டது, ஆனால் அதன் கூடுதல் உதை தவறியது. பென் ஸ்டேட்டும் டச் டவுன் போட்டது. மிச்சம் இருந்தது ஒரே ஒரு கூடுதல் உதை, ஒரே ஒரு புள்ளி. வர்ஜீனியாவில் அவர் அணி தோற்றதும் ஒரு புள்ளியில்தான். ஃபிக்கன் உதைத்தார். 31-30.